பந்தைச் சுமந்து சென்றவர்கள்

உலகெங்கும் ஆடப்படும் விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பிறந்தநாள் என்று ஒன்று கிடையாது. கால்பந்தும் மட்டைப்பந்தும் மேய்ச்சல் வெளிகளிலும் ஊர்த் திருவிழாக்களிலும் நெடுங்காலம் உருவம் தெளியாமல் திரிந்து, பின்னரே பள்ளிகளாலும் கழகங்களாலும் விதிகளுக்குள் கொண்டுவரப்பட்டவை. சடுகுடுவுக்கோ மற்போருக்கோ தொடக்கம் தேடப் புகுபவர் நதிமூலம் தேடிப் போனவரின் நிலைக்கே ஆளாவார். இந்தப் பொதுநிலைக்கு விலக்கான மிகச் சில ஆட்டங்களுள் கூடைப்பந்து முதன்மையானது. 1891 டிசம்பர் 21 அன்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் உடற்பயிற்சிக்கூடம் ஒன்றில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற 30 வயது ஆசிரியர், தாம் எழுதி வைத்திருந்த 13 விதிகளைக் கொண்டு அதனைத் தொடங்கி வைத்தார் என்பது ஐயத்துக்கு இடமின்றிப் பதிவாகியிருக்கிறது.

இந்தத் தெளிவே ஒரு மயக்கத்தையும் உண்டாக்கிவிட்டது. நாளும் இடமும் ஆளும் தெரிந்துவிட்டதால், கூடைப்பந்தின் வரலாறு என்பது ஒரு தனிமனிதருக்குத் தோன்றிய யோசனையின் வரலாறாகவே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. யோசனை அவருடையது என்பதில் மறுப்பில்லை. ஆனால், அந்த யோசனைக்குக் காரணமான சிக்கலை முன்வைத்தது ஓர் இளைஞர் அமைப்பு. சோதித்துப் பார்க்க இடமும் ஆட்களும் தந்தது அந்த அமைப்பு. சோதனை வென்றதும் சில ஆண்டுகளுக்குள் கடல் கடந்து கொண்டு சேர்த்ததும் அதே அமைப்புதான். இளைஞர்களிடையே விளையாட்டை வளர்ப்பது குறித்து இன்று நடக்கும் விவாதங்களில் மைதானமும் பரிசுத்தொகையும் பதக்கமும் பேசப்படும் அளவுக்கு, விளையாட்டைக் கற்றுத்தரும் மனிதரும் அவரை உருவாக்கி அனுப்பும் அமைப்பும் பேசப்படுவதில்லை என்பதால், கூடைப்பந்தின் பிறப்பை அந்தக் கோணத்தில் மறுபடி பார்ப்பது பயனுடையது.

வழிபாட்டிலிருந்து உடற்பயிற்சிக்கு

ஒய்.எம்.சி.ஏ. என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் கிறித்தவ இளைஞர் சங்கம், 1844 ஜூன் 6 அன்று லண்டனில் தொடங்கப்பட்டபோது, விளையாட்டுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. துணிக்கடைச் சிப்பந்தியான ஜார்ஜ் வில்லியம்ஸும் அவருடைய தோழர்களும் கூடி அமைத்த அந்தச் சங்கம், கிராமங்களிலிருந்து பிழைப்பு தேடி நகரத்துக்கு வந்து, நாள் முழுதும் கடையில் நின்று, இரவில் கடை முதலாளி ஒதுக்கிய நெருக்கடியான அறைகளில் தங்கிய இளைஞர்களுக்கு, மதுக்கடைக்கும் தெருவுக்கும் மாற்றாக வழிபாடும் விவிலிய வாசிப்பும் நல்ல துணையும் தர முனைந்தது. தொழிற்புரட்சி பெருக்கிய நகரங்கள் எல்லாவற்றிலும் இதே வகை இளைஞர்கள் குவிந்திருந்ததால் சங்கம் விரைவாகப் பரவியது; 1851இல் வட அமெரிக்காவின் மான்ட்ரியல், பாஸ்டன் நகரங்களில் கிளைகள் தோன்றின.

அங்கேதான் சங்கத்தின் போக்கு மாறியது. உடலைப் பேணுவது ஆன்மாவைப் புறக்கணிப்பதாகும் என்றும், விளையாட்டு என்பது சோம்பலின் மறுபெயர் என்றும் கருதிய பழைய தூய்மைவாதச் சமய மரபு அமெரிக்காவில் வலுவாக இருந்தது. அதற்கு எதிராக, 1850களில் இங்கிலாந்தில் சார்லஸ் கிங்ஸ்லி, தாமஸ் ஹியூஸ் போன்ற எழுத்தாளர்களின் வழியே ஒரு சிந்தனை பரவியது. உறுதியான உடலும் நேர்மையான ஆட்டமும் நல்ல கிறித்தவனின் இலக்கணத்தில் அடங்கும் என்ற அந்தக் கொள்கைக்குத் ‘தசைவலிமைக் கிறித்தவம்’ என்ற பெயர் அமைந்தது. நியூயார்க் சங்கம் 1866இல் தன் நோக்கங்களை வகுத்தபோது, இளைஞர்களின் ஆன்மிக, மன, சமூக மேம்பாட்டோடு உடல் மேம்பாட்டையும் சேர்த்துக்கொண்டது. 1869இல் அது எழுப்பிய கட்டடத்தில் உடற்பயிற்சிக்கூடமும் இடம்பெற்றது. உடற்பயிற்சிக்கூடத்துக்காக வருபவர்கள் வழிபாட்டுக் கூட்டத்துக்கும் வரக்கூடும் என்ற நடைமுறைக் கணக்கும் இதில் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கூடங்கள் பெருகியதும் அவற்றை நடத்தும் ஆட்களுக்குப் பஞ்சம் ஏற்பட்டது. கருவிகளைக் கையாளத் தெரிந்த பழைய சர்க்கஸ் வித்தைக்காரர்களும் குத்துச்சண்டை வீரர்களும் கூடப் பயிற்றுநர்களாக அமர்த்தப்பட்டார்கள்; உடலியலோ கற்பிக்கும் முறையோ அவர்கள் அறியாதவை. இந்தக் குறையைத் தீர்க்கவே, 1885இல் நிறுவப்பட்ட ஸ்பிரிங்ஃபீல்டு பயிற்சிப் பள்ளியில், 1887இல் உடற்கல்விக்கெனத் தனித் துறை தொடங்கப்பட்டது. அந்தத் துறையைக் கட்டியெழுப்பியவர் லூதர் ஹால்சி கியூலிக். ஹவாய்த் தீவுகளின் ஹோனலூலுவில் சமயப் பணியாளர் குடும்பத்தில் 1865இல் பிறந்து, மருத்துவம் பயின்ற அவர், ஆன்மா, மனம், உடல் மூன்றும் ஒன்றையொன்று தாங்கும் பக்கங்கள் என்பதைக் குறிக்கும் முக்கோணச் சின்னத்தைச் சங்கத்துக்குத் தந்தவர். தமிழகப் பள்ளிகளில் ‘பி.டி. மாஸ்டர்’ என்று அழைக்கப்படும் உடற்கல்வி ஆசிரியரின் தொழில்முறை முன்னோர்கள், பெருமளவுக்கு இத்தகைய பயிற்சிப் பள்ளிகளில் உருவானவர்களே.

ஒரு குளிர்காலச் சிக்கல்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆல்மோன்ட் என்ற சிற்றூரை அடுத்து 1861இல் பிறந்த நெய்ஸ்மித், ஒன்பது வயதில் பெற்றோர் இருவரையும் நச்சுக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவர். மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பட்டமும், பின் சமயக் கல்வியும் பெற்ற அவர், போதகராவதைக் காட்டிலும் விளையாட்டின் வழியே இளைஞர்களின் ஒழுக்கத்தை உருவாக்க முடியும் என்று நம்பி, 1890இல் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வந்து மாணவராகவும் அடுத்து ஆசிரியராகவும் ஆனார்.

அவர் எதிர்கொண்ட சிக்கல் எளிமையானது, ஆனால் தீராதது. இலையுதிர் காலத்தில் அமெரிக்கக் கால்பந்தும் கோடையில் பேஸ்பாலும் ஆடிய இளைஞர்களுக்கு, பனி மூடிய குளிர்கால மாதங்களில் கூடத்துக்குள் கிடைத்தவை அணிநடையும், ஜெர்மானிய, சுவீடிய முறைக் கட்டளைப் பயிற்சிகளும், இந்தியாவின் கர்லாக்கட்டையிலிருந்து உருவாகி ‘இந்தியன் கிளப்’ என்ற பெயரில் மேலைநாடெங்கும் பரவியிருந்த கட்டைகளைச் சுழற்றுவதும்தான். உடற்கல்வி பயிலாமல், சங்கக் கிளைகளின் செயலர்களாகப் பொறுப்பேற்கப் பயின்றுவந்த 18 பேர் கொண்ட வகுப்பு ஒன்று, இந்தப் பயிற்சிகளை வெளிப்படையாகவே வெறுத்தது. இரண்டு ஆசிரியர்கள் கைவிட்ட பின், வகுப்பு நெய்ஸ்மித்திடம் ஒப்படைக்கப்பட்டது. கூடத்துக்குள் செயற்கை ஒளியில் ஆடத்தக்க, எளிதில் கற்கத்தக்க, முரட்டுத்தனம் இல்லாத புதிய ஆட்டம் ஒன்றை உருவாக்க அவருக்கு 14 நாட்கள் அவகாசம் தந்தார் கியூலிக். புதியது என்று எதுவும் வெறுமையிலிருந்து வருவதில்லை, இருப்பவற்றின் கூறுகளைப் பிரித்து வேறு வகையில் சேர்ப்பதே படைப்பு என்பது கியூலிக்கின் வகுப்பறைப் பாடங்களில் ஒன்று. நெய்ஸ்மித்துக்கு அந்தப் பாடமே தேர்வாக அமைந்தது.

முதலில் அவர் வெளி ஆட்டங்களை அப்படியே உள்ளே கொண்டுவரப் பார்த்தார். கால்பந்து, ரக்பி, லக்ராஸ் ஆகியவற்றின் உள்ளரங்க வடிவங்கள் ஒவ்வொன்றும் உடைந்த சன்னல்களிலோ அடிபட்ட கால்களிலோ முடிந்தன. ஆட்டங்களை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது என்று தெரிந்த பிறகு, அவர் அவற்றைக் கூறுகூறாக ஆராய்ந்தார். மோதல் எதனால் வருகிறது? பந்தோடு ஓடுபவனை நிறுத்தியாக வேண்டும் என்பதால் வருகிறது. அப்படியானால், பந்தை வைத்திருப்பவன் ஓடக் கூடாது என்று விதித்துவிட்டால் அவனைச் சாய்ப்பதற்கான தேவையே எழாது. பந்து ஏன் வெறியோடு வீசப்படுகிறது? இலக்கு தரையை ஒட்டி நிமிர்ந்து நிற்பதால், வேகமே வெற்றியாகிவிடுகிறது. இலக்கைத் தலைக்கு மேல் உயர்த்தி, அதன் வாயை வானம் பார்க்க வைத்துவிட்டால், வலிமையாக எறிபவனைவிட அளவறிந்து வளைவாக எறிபவனே வெல்வான். ஆல்மோன்ட் பகுதிச் சிறுவர்கள், பாறையின் மேல் வைத்த கல்லை இன்னொரு கல்லால் எறிந்து வீழ்த்தும் ‘பாறை வாத்து’ என்ற ஆட்டத்தில், வேகமாக எறிந்தவன் தன் கல்லைத் தேடி வெகுதூரம் ஓட நேர்ந்ததும், தணிவாக வளைத்து எறிந்தவன் பிழைத்துக்கொண்டதும் அப்போது அவர் நினைவுக்கு வந்தன.

மீதமிருந்தது பொருள்களின் கதை. இலக்குக்காக 18 அங்குலச் சதுரப் பெட்டிகள் இரண்டு கேட்டார் நெய்ஸ்மித். பெட்டி இல்லை என்ற கட்டடக் காப்பாளர் ஸ்டெபின்ஸ், பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டைக் கொடுத்தார். கூடத்தைச் சுற்றி ஓடிய மேல்மாடத்தின் விளிம்பில் அவை ஆணியால் அறையப்பட்டன. விளிம்பின் உயரம் 10 அடியாக இருந்தது. உலகெங்கும் முறையான கூடைப்பந்துக் களங்களில் இன்றுவரை வளையத்தின் உயரம் அதே 10 அடிதான் என்பதால், ஒரு கட்டடத்தின் தற்செயலான அளவு உலகப் பொதுவிதியாகிவிட்டது எனலாம். பக்கத்துக்கு ஒன்பது பேராகப் பிரிந்து கால்பந்தைக் கொண்டு ஆடிய முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை. அதை எறிந்தவர் வில்லியம் சேஸ். அடியில்லாத வலை வரும் முன், ஒவ்வொரு முறையும் யாரேனும் மேலேறிப் பந்தை எடுத்துத் தர வேண்டியிருந்தது.

விதிகளுக்குள் ஒரு கல்விக் கொள்கை

அந்த 13 விதிகளை இன்று படிப்பவருக்கு, அவற்றில் ஆட்டத்தின் நுட்பத்தைக் காட்டிலும் ஆடுபவரின் நடத்தை பற்றிய அக்கறையே மிகுந்திருப்பது புலப்படும். தோளால் இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது, காலை வாருவது, அடிப்பது ஆகியவை எந்த வடிவிலும் கூடாது; ஒருவர் இரண்டாம் முறை இதை மீறினால் அடுத்த கூடை விழும்வரை வெளியே நிற்க வேண்டும்; காயப்படுத்தும் எண்ணம் தெரிந்தால் ஆட்டம் முழுவதும் விலக்கப்படுவார், அவருக்குப் பதில் ஆள் இறங்கவும் முடியாது; ஓர் அணி தொடர்ந்து மூன்று தவறுகள் செய்தால் எதிரணிக்கு ஒரு கூடை சேரும். இவற்றுள் கடைசியாகச் சொன்ன விதிப்படி தண்டனை தனியாளோடு நிற்காமல் அணி முழுவதையும் பாதிக்கிறது என்பதால், தோழனின் கோபத்தை அடக்கும் பொறுப்பு தோழர்களிடமே ஒப்படைக்கப்படுகிறது. நடுவர்களின் பணிப் பிரிவு இன்னும் குறிப்பிடத்தக்கது: ஒருவர் பந்தைக் கவனிக்க, மற்றவர் மனிதர்களைக் கவனித்தார். பந்துக்கு ஒரு நடுவர் என்பது எந்த ஆட்டத்துக்கும் பொருந்தும். மனிதர்களுக்கென்றே ஒரு நடுவர் என்பது, ஆட்டத்தை ஒழுக்கக் கல்வியாகப் பார்த்த ஓர் அமைப்பின் முத்திரை.

இவ்விதிகளில் ஓர் அணிக்கு எத்தனை பேர் என்பது வரையறுக்கப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கூடத்தின் அளவுக்கும் வந்திருப்பவர்களின் எண்ணிக்கைக்கும் ஏற்ப ஆட்களைச் சேர்த்துக்கொள்ளலாம். ஐந்து பேர் என்பது 1890களின் பிற்பகுதியில்தான் நிலைபெற்றது. சிறந்த ஐவரைத் தேர்ந்தெடுப்பதற்காக அன்றி, வகுப்பில் உள்ள அனைவரையும் ஆட வைப்பதற்காகவே இந்த ஆட்டம் உருவானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பரவியது எப்படி

புதிய ஆட்டங்களைக் கற்பனை செய்தவர்கள் நெய்ஸ்மித்துக்கு முன்னும் பின்னும் பலர் இருந்திருப்பார்கள். அவை அவர்களுடைய ஊரோடு நின்றுபோக, இது மட்டும் நில்லாமல் போனதற்குக் காரணம் அந்த முதல் வகுப்பின் தன்மையில் இருக்கிறது. அந்த 18 பேரும் வெறும் ஆட்டக்காரர்கள் அல்லர். பயிற்சி முடிந்ததும் வெவ்வேறு நகரங்களின் சங்கக் கிளைகளை ஏற்று நடத்தப் போகிறவர்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீடு திரும்பியபோதே அவர்களிற் சிலர் ஆட்டத்தைத் தத்தம் ஊர்க் கிளைகளில் அறிமுகப்படுத்தினார்கள். 1892 ஜனவரி 15 அன்று, பள்ளியின் ‘தி டிரையாங்கிள்’ என்ற ஏட்டில் 13 விதிகளும் அச்சாகி நாடெங்கும் உள்ள கிளைகளுக்குச் சென்றன. கற்றவர், அச்சிட்ட விதி, காத்திருக்கும் கூடம் ஆகிய மூன்றும் ஒரே அமைப்பின் கையில் இருந்ததால், வேறு ஆட்டங்களுக்குத் தலைமுறைகள் தேவைப்பட்ட பயணத்தை இது சில மாதங்களில் முடித்தது.

பெண்களின் ஆட்டமும் இதே வழியில்தான் பிறந்தது. ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அருகில் நார்த்தாம்ப்டனில் இருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியை செண்டா பெரன்சன், சங்க ஏட்டில் ஆட்டத்தைப் பற்றிப் படித்தறிந்து தம் மாணவியருக்குக் கற்பித்தார். 1893 மார்ச்சில் அங்கு நடந்த வகுப்புகளுக்கு இடையிலான போட்டியில் ஆண்கள் பார்வையாளர்களாகக் கூட அனுமதிக்கப்படவில்லை. களத்தை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொருவரும் தத்தம் பகுதிக்குள்ளேயே ஆட வேண்டும் என்று அவர் வகுத்த முறை, பெண்ணுடல் குறித்த அக்கால அச்சங்களுக்கு விட்டுக்கொடுத்தது என்றாலும், ஓடியாடவே தடை இருந்த ஒரு சமூகத்தில் அதுவே கதவைத் திறந்தது. இதே ஆட்டத்தின் இங்கிலாந்துக் கிளையாக மகளிர் உடற்கல்விக் கல்லூரிகளில் வளர்ந்தது வலைப்பந்து. ஆசிய வலைப்பந்தில் இலங்கை 2009, 2018 ஆண்டுகளில் வாகை சூடியபோது, அதன் அணியில் கோல் எறிபவராக நின்றவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் என்பது, அந்தப் பழக்கூடையின் வழித்தோன்றல்கள் எவ்வளவு தொலைவு வந்து சேர்ந்திருக்கின்றன என்பதற்கு ஓர் அடையாளம்.

முதல் வகுப்பில் கென்சபுரோ இஷிகாவா என்ற ஜப்பானிய மாணவரும் இருந்தார் என்பதிலிருந்தே இந்த ஆட்டத்தின் நாடு கடந்த இயல்பு தொடங்கிவிடுகிறது. 1893 டிசம்பரில் பாரிஸ் நகரின் திரேவீஸ் தெருச் சங்கக் கட்டடத்திலும், 1895இல் சீனாவின் தியான்ஜின் நகரச் சங்கத்திலும் கூடைப்பந்து ஆடப்பட்டது. பிலிப்பைன்ஸில் 1910 முதல் பணியாற்றிய சங்கப் பயிற்றுநர் எல்வுட் பிரவுன், 1913இல் மணிலாவில் தூரகிழக்கு விளையாட்டுப் போட்டிகளைத் தொடங்கி வைத்தார். அப்போட்டிகள் 10 முறை நடந்ததில், கூடைப்பந்துப் பட்டத்தை ஒரே ஒரு முறை தவிர ஒன்பது முறையும் பிலிப்பைன்ஸே வென்றது. முதல் உலகப்போர் முடிந்ததும் 1919இல் பாரிஸில் நேசநாட்டுப் படைவீரர்களுக்கான போட்டிகளை அமைத்ததிலும் பிரவுனே முன்னின்றார். 1932இல் ஜெனீவாவில் எட்டு நாடுகள் கூடிப் பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பை உருவாக்கியபோது, அதன் முதல் செயலராகி நெடுங்காலம் அதை நடத்திய ரெனாட்டோ வில்லியம் ஜோன்ஸும் ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்றவரே. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாகப் பதக்க ஆட்டமாகச் சேர்க்கப்பட்டபோது, அதைக் காண 74 வயதில் நெய்ஸ்மித் நேரில் சென்றிருந்தார். கூடத்துக்குள் ஆடுவதற்கென்றே உருவாக்கப்பட்ட ஆட்டத்தின் இறுதிப்போட்டி, திறந்தவெளி மண்தரையில் கொட்டும் மழையில் நடந்து, அமெரிக்கா 19, கனடா 8 என்ற கணக்கில் முடிந்தது.

இதை ஒரு தனி நிகழ்வாகக் கருதவும் முடியாது. 1895இல் மாசசூசெட்ஸின் ஹோலியோக் நகரச் சங்கத்தில் வில்லியம் மார்கன், கூடைப்பந்தின் ஓட்டம் தாங்காத நடுத்தர வயதினருக்காகக் கைப்பந்தை உருவாக்கினார். 1930இல் உருகுவே நாட்டின் மான்டிவிடியோ சங்கத்தில் ஹுவான் கார்லோஸ் செரியானி, கால்பந்தைக் கூடைப்பந்துக் களத்தின் அளவுக்குச் சுருக்கி, இன்று ஃபுட்சால் எனப்படும் ஆட்டத்துக்கு வித்திட்டார். மூன்று இடங்களிலும் முறை ஒன்றே: குறிப்பிட்ட வயதினர் சிலர், குறிப்பிட்ட அளவுள்ள ஓரிடம், அவர்களை அன்றாடம் சந்திக்கும் ஓர் ஆசிரியர், அவர் காதில் விழும் ஒரு குறை.

அமைப்பின் இருண்ட பக்கம்

இளைஞர் அமைப்புகளின் பங்கை இவ்வாறு போற்றும்போது, அவற்றின் குறைகளைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. சங்கத்தின் கூடத்துக்குள் யார் நுழையலாம் என்பதை அமெரிக்காவில் நிறம் முடிவுசெய்தது. வெள்ளையர் கிளைகளில் கறுப்பின இளைஞர்களுக்கு இடமில்லை. அவர்களுக்கெனத் தனிக் கிளைகள், குறைந்த வசதிகளோடு நடத்தப்பட்டன. கோடைக்காலப் படிப்பில் கூடைப்பந்தைக் கற்றுவந்து 1904 முதல் வாஷிங்டன் நகரின் கறுப்பினப் பள்ளிகளில் அதைப் பரப்பிய ஆசிரியர் எட்வின் ஹென்டர்சன், வெள்ளையர் கிளையொன்றில் ஆட்டம் பார்க்கச் சென்றபோது வெளியேற்றப்பட்டார். பின்னர் அவர் 12ஆம் தெருக் கிளையை மையமாக வைத்து உருவாக்கிய அணி, நாட்டின் தலைசிறந்த கறுப்பின அணியாகத் திகழ்ந்தது. இனப் பிரிவினையை விலக்கும் தீர்மானத்தைச் சங்கத்தின் தேசியப் பேரவை 1946இல்தான் நிறைவேற்றியது. முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் சமம் என்று கற்பித்த அமைப்பு, மனிதர்கள் சமம் என்பதை ஏற்க அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

இரண்டாவது குறை, வெற்றியே கொண்டுவந்தது. ஐம்பது, அறுபது பேர் பயிற்சி செய்த நேரத்தைப் பத்துப் பேர் கைப்பற்றிக்கொண்டதாகக் கிளைகளில் புகார் எழுந்தது. பார்வையாளர் பெருகப் பெருகச் சண்டையும் பெருகியது. சில கிளைகள் தாங்கள் பெற்ற பிள்ளையையே வீட்டுக்குள் விடாமல் தடுத்தன. வெளியேற்றப்பட்ட அணிகள் வாடகை மண்டபங்களைத் தேடின. 1896இல் நியூஜெர்சியின் டிரென்டன் நகரில், முன்பு சங்கத்தின் சார்பில் ஆடியவர்கள் மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, நுழைவுக்கட்டணம் வசூலித்து, மீதியைப் பங்கிட்டுக்கொண்டதே தொழில்முறைக் கூடைப்பந்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. பந்து பார்வையாளர்களிடையே போய்விடாதபடி அந்தக் களத்தைச் சுற்றிக் கம்பிவலை கட்டப்பட்டிருந்தது. விதிகளைப் பேணும் பொறுப்பும் 1890களின் இறுதிக்குள் சங்கத்திடமிருந்து தொழில்முறைசாராத் தடகளக் கூட்டமைப்புக்குக் கைமாறியது. அனைவரையும் ஆட வைக்கப் பிறந்த ஆட்டம், ஐந்தாண்டுகளில் ஆடுபவர், பார்ப்பவர் என்று ஊரை இரண்டாகப் பிரித்துவிட்டது.

மூன்றாவது, ஆசிய நாடுகளில் இந்தப் பணி சமயப் பரப்பலோடும் அயல் ஆதிக்கத்தோடும் பின்னிக் கிடந்தது. சீனாவின் முதல் இரண்டு தேசிய விளையாட்டுப் போட்டிகளைச் சங்கத்தினரே நடத்தியிருக்க, 1924இல் நடந்த மூன்றாவது போட்டியைச் சீனர்கள் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டார்கள். வியப்பு என்னவெனில், அமைப்பை ஐயுற்றவர்கள் ஆட்டத்தை விலக்கவில்லை. கற்றுத்தந்தவரை அனுப்பிவிட்டுக் கற்றதை வைத்துக்கொண்டார்கள்.

சென்னைக்கு வந்த முக்கோணம்

இந்த வரலாற்றில் தமிழகத்துக்குள்ள பங்கு ஒட்டவைக்கப்பட்டதன்று. ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்று 1919இல் இந்தியா வந்த ஹாரி குரோ பக், 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியே, பின்னர் சைதாப்பேட்டைக்கு அருகே நந்தனம் வளாகத்தில் நிலைகொண்ட கல்லூரியாக வளர்ந்தது. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்ற சிறப்பு அதற்கு உண்டு. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணிக்கு மேலாளராக உடன் போனவர் பக். 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைந்தபோது தொராப்ஜி டாட்டா தலைவரானார். ஒய்.எம்.சி.ஏ.வின் உடற்கல்விப் பணியாளரான ஏ.ஜி. நோரன் செயலரானார். நாட்டின் பல பகுதிகளுக்கும் பயணம் செய்து, மாகாண அளவில் விளையாட்டு அமைப்புகள் உருவாக நோரனும் பக்கும் உழைத்தார்கள்.

பக் சென்னையில் ஒரு மாபெரும் அரங்கைக் கட்டவில்லை. நட்சத்திர ஆட்டக்காரர்களின் அணியையும் உருவாக்கவில்லை. ஆசிரியர்களை உருவாக்கும் ஒரு பள்ளியை அமைத்தார். அங்கிருந்து ஊர்ஊராகச் சென்ற உடற்கல்வி ஆசிரியர்கள் வழியேதான், இரும்பு வளையம் பொருத்திய இரண்டு கம்பங்களும் குறுக்கே கட்டிய கைப்பந்து வலையும் தென்னிந்தியப் பள்ளித் திடல்களின் வழக்கமான காட்சியாயின. ஸ்பிரிங்ஃபீல்டின் முறை இங்கும் மாறாமல் வேலை செய்தது.

இன்றைக்கு உரிய பாடம்

தமிழகத்துக்கு இளைஞர் அமைப்புகள் புதியவை அல்ல. 1948இல் தேசிய மாணவர் படையும், 1969இல் நாட்டு நலப்பணித் திட்டமும், 1972இல் நேரு இளைஞர் மையமும் தொடங்கப்பட்டன. இவை போக, அரசின் உதவியை எதிர்பாராமல் ஊருக்கு ஊர் நற்பணி மன்றங்களும் கபடிக் குழுக்களும் இயங்கி வருகின்றன. ஊர் மக்களிடம் நன்கொடை திரட்டி, பொங்கலன்று கயிறிழுத்தலும் கபடியும் நடத்தி, வென்றவர்களுக்குக் குத்துவிளக்கும் எவர்சில்வர்ப் பாத்திரமும் வழங்கும் இந்த மன்றங்களின் ஆற்றல் சிறியதன்று. ஆனால், அந்த ஆற்றல் ஆண்டுக்கு ஒன்றிரண்டு நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அடுத்த நாள் மாலை அதே திடலில் அதே சிறுவர்களை வரிசையில் நிறுத்திக் கற்பிக்க ஆள் இருப்பதில்லை. ஆள் இருக்கும் பள்ளியிலோ, தேர்வு நெருங்கும்போது அவருடைய பாடவேளை கணக்குக்கும் அறிவியலுக்கும் கடனாகப் போய், திரும்பி வருவதே இல்லை.

அரங்கம் வேண்டாம், பதக்கம் வேண்டாம் என்று எவரும் வாதிட வேண்டியதில்லை. மேல்நிலைப் போட்டிக்கு அவை தேவைதான். ஆயினும் அவை விளையாட்டின் முடிவிடங்கள். தொடக்கமோ வேறிடத்தில் இருக்கிறது. கூடைப்பந்து தொடங்கியபோது கையில் இருந்தவை ஒரு கூடம், இரவல் வாங்கிய இரண்டு கூடைகள், வேறோர் ஆட்டத்தின் பந்து ஆகியவை மட்டுமே. விலை கொடுத்து வாங்க முடியாததாக அங்கே இருந்தது, பயிற்றுநர்களை உருவாக்குவதையே தொழிலாகக் கொண்ட ஓர் அமைப்பு, சலித்துப்போன மாணவர்களைக் குறைகூறாமல் ஆட்டத்தை மாற்ற முன்வந்தது என்ற ஒன்றுதான். இந்த மனநிலையைக் கொண்டு பார்த்தால், மைதானத்துக்கு வராத பிள்ளைகளைக் கைப்பேசிக்கு அடிமைகள் என்று ஏசுவதைவிட, அவர்களுக்கு ஏற்ற ஆட்டம் எது, அவர்களுக்கு உகந்த நேரம் எது, பெண்பிள்ளைகள் தயக்கமின்றி வரத்தக்க இடம் எது என்று கேட்பதே இளைஞர் அமைப்பின் வேலை என்பது விளங்கும். ஊர் மன்றம் ஒன்று தன் ஆண்டு விழாச் செலவின் ஒரு பகுதியை, வாரம் மூன்று மாலைகள் வந்து கற்பிக்கும் பயிற்றுநர் ஒருவருக்கு ஒதுக்குமானால், அதன் பயன் பரிசுப் பாத்திரங்களைவிட நீண்டகாலம் நிற்கும். உடற்கல்வி ஆசிரியரின் பாடவேளையைப் பறிக்கக் கூடாது என்ற எளிய ஒழுங்கைப் பள்ளிகள் கடைப்பிடித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அந்த மன்றமும் அந்தப் பள்ளியும் சாதியின் பெயராலோ மதத்தின் பெயராலோ பாலினத்தின் பெயராலோ எவரையும் வெளியே நிறுத்தவில்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும்; வாஷிங்டனில் ஹென்டர்சன் வெளியேற்றப்பட்ட கதை வெறும் அமெரிக்கக் கதையன்று.

பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது, பிடித்த இடத்திலிருந்தே அடுத்தவருக்கு எறிய வேண்டும் என்பது நெய்ஸ்மித் வகுத்த விதிகளில் மூன்றாவது. ஆட்டத்தைக் கற்றவர்களும் ஏறத்தாழ அதே விதியைத்தான் பின்பற்றினார்கள். கற்றதைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல், தாங்கள் போய்ச் சேர்ந்த ஊரில் நின்று அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து நந்தனம் வரை ஆட்டம் வந்து சேர்ந்தது அந்தக் கைகள் வழியாகத்தான். இன்று நம் திடல்களில் வளையங்கள் துருப்பிடித்து நிற்கின்றன என்றால், அவற்றுக்குச் சாயம் பூசுவதற்கு முன் எழ வேண்டிய கேள்வி, அவற்றின் கீழே மாலைதோறும் ஊதலோடு வந்து நிற்கப் போகிறவர் யார், அவரை அனுப்பி வைக்கப் போகும் அமைப்பு எது என்பதே.